மரத்துக்கு ஆள்பெயர் வைக்காதீர்கள்

கடைக்குப் பின்னால் இருக்கிற நம் அலுவலகத்தின் சாவியை உங்கள் மூன்று பேரிடமும் கொடுத்த அன்று, வேலையை எப்படிச் செய்வது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு மாதமாக எழுத உட்காருகிறேன். உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. பழப்பெட்டியை விமானத்தில் ஏற்ற என்னென்ன தாள் வேண்டும், இங்கே இறங்கியதும் யாரைப் பிடிக்க வேண்டும், எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தந்ததே நீங்கள்தான். ஆகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பாரிஸில், லாச்சப்பலில் உட்கார்ந்துகொண்டு ஒரு தீவில் பழம் வளர்க்கும்போது, தோட்டத்துக்கு வருகிற பெரிய கேடு நம்மால்தான் வருகிறது. பூச்சி, காற்று, வேலி பாய்ந்து வருகிற காட்டுக்குதிரை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதை எழுதுகிறேன். ‘டக்கோர், டக்கோர்’, சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போகாமல் கடைசிவரை வாசியுங்கள்.

உங்களில் ஒருவர் இன்னும் அந்தத் தீவுக்குப் போகவில்லை என்பதால் ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம். வயிறு பலமில்லாதவர் காலையில் சாப்பிடாமல் ஏறுவது நல்லது. தீவு முழுக்கக் கடலில் விளைந்த முருகைக்கல், மேலே ஒரு சாண் மண். அந்தக் கல்லுக்குள் மழைத்தண்ணீர், கீழே இருக்கிற கடல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். அவசரப்பட்டு இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் லேசில் இறங்காது. தோட்டம் தொடங்கிய நாளில் இருந்து நாம் பின்பற்றிய விதி ஒன்றுதான்: பெய்த மழைக்கு மேலே ஒரு வாளிகூட எடுப்பதில்லை. பனையோலையால் மரத்தடியை மூடி, மருந்து அடிக்காமல், மாவும் மாதுளையும் கொய்யாவும் தேசிக்காயும் வளர்த்தோம். நிலத்துக்கும் நீருக்கும் தீங்கில்லாமல் வளர்ந்த பழம் என்று பெட்டியில் ஒட்டுகிற அந்தப் பச்சைத் தாளை எழுதியவள் நான்தான். அதை எழுதியபோது மிகவும் பெருமையாக இருந்தது.

தோட்டத்தைப் பார்க்கிற பெண்ணை இதில் பொறுப்பாளர் என்றே எழுதுகிறேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். விவசாயம் படித்துவிட்டு அந்தத் தீவில் கலியாணம் கட்டிக்கொண்டு போனவர். தொலைபேசியில் நான் பத்து நிமிடம் கதைத்தால் அவர் இரண்டு வசனம் சொல்வார். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த இரண்டு வசனங்களில் இருந்து வந்தது. ஒத்துக்கொள்ள எனக்குக் கனகாலம் பிடித்தது.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். தோட்டம் தொடங்கிப் புதிது. மாங்கன்று வைக்க ஆள்பலம் வேண்டியிருந்தது, பாரிஸில் இருக்கிற குடும்பங்கள் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் ஒரு மண்டபத்தில், தெரிந்தவர் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. வழக்கம்போல, இறந்தவரின் படமும் வரலாறும் அடித்த கல்வெட்டுப் புத்தகம் கையில் தந்தார்கள். வழக்கம்போல எல்லோரும் அதைக் கதிரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எனக்கு என்ன பிடித்ததோ, ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். இனிமேல் கல்வெட்டு அடிக்காமல், இறந்தவரின் பெயரில் தீவில் ஒரு மாமரம் வைப்போம், அடியில் பெயர்ப்பலகை போடுவோம் என்றேன். மண்டபம் கைதட்டியது. செத்தவீட்டுச் சடங்கில் கைதட்டு வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதமே முப்பது பேர் கேட்டார்கள். சைவக்காரர், வேதக்காரர், மன்னார், யாழ்ப்பாணம், எல்லோரும் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் மாமரப் பக்கம் முழுக்கப் பலகை. நான் கெட்டிக்காரி என்று, தோட்டத்தை நடத்துகிற நம் சங்கத்தில் மாலை போடாத குறை. பொறுப்பாளர் மட்டும், பலகை காற்றில் விழும், இலக்கம் போதும் அக்கா என்றார். அவருக்கு மனிதர் மனம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மனிதர் மனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புறநகரில், செவ்ரானில் நான் குடியிருக்கிற கட்டடத்திலேயே ஒரு அக்கா, தன் தாயின் மரம் ஏன் பக்கத்து மரத்தைவிடக் குள்ளம் என்று மின்தூக்கிக்குள் வைத்துக் கேட்டார். இன்னொருவர், தன் தகப்பனின் மரத்தைச் சித்தப்பாவின் மரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம் என்று கொதித்தார். இருவரும் வேலிச் சண்டையில் இருபது வருடம் முகம் பாராதவர்களாம், செத்தும் நிம்மதி இல்லையா என்று கேட்டார். பிடுங்கி நடச் சொன்னார். மூன்று வயது மாமரத்தைக் கதிரை மாதிரித் தூக்கி வைக்கலாம் என்று நினைத்தவரோடு நான் என்னத்தைக் கதைக்க? திவசத்துக்குத் திவசம் மரத்தின் படம் கேட்டார்கள். படம் அனுப்பினால், இலையில் புள்ளி இருக்கிறதே, அம்மாவுக்குச் சுகமில்லையா என்றார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் கொப்பு வெட்டிய வருடம். நடுவில் வெயில் விழ வேண்டும் என்று பொறுப்பாளர் கொப்புகளைக் குறைத்தார். யாரோ ஊருக்குப் போனவர் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அன்று காலை கார் து நோர்ட் ரயில் நிலையத்தில் இறங்குவதற்குள் எனக்குப் பதினான்கு அழைப்பு. ஒருத்தி அழுதாள், அம்மாவின் கையை வெட்டியது மாதிரி இருக்கிறது என்று. நான் பதறிப்போய்த் தீவுக்குத் தொலைபேசி எடுத்து, வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். பொறுப்பாளர் பாதியில் நிறுத்தினார். அடுத்த பருவத்தில் வெட்டிய பாதி காய்த்துக் கொட்டியது, வெட்டாத பாதி இலையும் தடியுமாக நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மரத்துக்கு என்ன தேவை என்பதை அழுகிறவரிடம் கேட்டு முடிவெடுக்கிற பழக்கம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

இருந்தாலும் அந்தச் சனத்தை முழுக்கத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. இங்கே இறந்தால் ரொந்தேவூ எடுத்து, நேரம் குறித்து எரிக்க வேண்டும். நமக்குத் தருகிற அரைமணி முடிந்தால் அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். ஊரில் அவர்களுக்கென்று ஒன்று உயிரோடு நிற்கிறது என்ற நினைப்புத்தான் பலருக்கு ஆறுதல். எனக்கும் அப்படித்தான். என் மனுசன் அந்தத் தீவில் பிறந்தவர். இருபத்தாறு வருடம் ஓர் உணவகத்தில் நின்று நின்று கால் வீங்கிச் செத்தவர். அவர் பெயரிலும் மேற்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றது. மாதம் ஒருமுறை அதன் படத்தைப் பார்ப்பேன். அதனால் இனி நான் சொல்லப்போவதில் மற்றவர்களைத் திட்டுவதைவிட என்னைத் திட்டுவது கூடுதலாக இருக்கும்.

மாரி பொய்த்த வருடம் அது. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் பி ரயிலில் நின்றுகொண்டிருக்கிறேன், கூட்டம் நெரிக்கிறது, பொறுப்பாளர் எடுத்தார். அவர் சும்மா எடுக்க மாட்டார்.

"அக்கா, கிணறு கரிக்கத் தொடங்கிட்டுது. மேற்குப் பக்கத்து நாப்பது மாவுக்கும் தண்ணியை நிப்பாட்ட வேணும். வெள்ளிக்கு முதல் சொல்லுங்கோ."

நிப்பாட்டினால் மரம் பட்டுப்போகுமா என்று கேட்டேன். பாதிக்கு மேல் போகும் என்றார். நிப்பாட்டாவிட்டால் என்று கேட்டேன். எல்லாம் போகும், அதோடு வேலிக்கு அப்பால் இருக்கிற ஏழு வீட்டுக் கிணறும் போகும் என்றார். ஒரே தண்ணீர்தான் அது. வேலி மேலேதான் இருக்கிறது, கீழே இல்லை. அந்த ஏழு வீட்டுக்கும் குடிக்க வேறு தண்ணீர் இல்லை. தண்ணீர் வண்டி வாரம் ஒருமுறை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

பிள்ளைகளே, அந்த இடத்தில் சொல்ல வேண்டிய விடை ஒரு சொல்தான். ‘நிப்பாட்டுங்கோ’ என்று ரயிலிலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். நான் பட்டியலை அனுப்பச் சொன்னேன். நாற்பது இலக்கங்கள் வந்தன. அலுவலகத்துக்கு வந்து கொப்பியை விரித்து இலக்கத்துக்கு நேரே பெயரைப் பார்த்தேன். பதினேழாவது இலக்கம் என் மனுசன்.

கொப்பியை மூடிவிட்டு, இது நான் தனியாக எடுக்கக்கூடிய முடிவில்லை, சங்கத்தைக் கூட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன். எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள். எல்லோரையும் கேட்டுச் செய்கிறவள் என்று பெயரும் வரும். உண்மையில் யாராவது ஒருவர் அந்த நாற்பதைத் தடுத்துவிட மாட்டாரா என்ற ஆசைதான். பொறுப்பாளருக்கு, கொஞ்சம் பொறுங்கோ, கூட்டம் வைக்கிறம் என்று செய்தி அனுப்பினேன். அவர் ‘ஓம்’ என்று மட்டும் போட்டார்.

நம் செயலாளரை உங்களுக்குத் தெரியும். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், தாள் இல்லாமல் மூச்சும் விடமாட்டார். நாளைக்கே கூட்டுவோம் என்றேன். மதாம், நம்ம ரெக்லமோன் பிரகாரம் எட்டு நாள் முன்னாடி எல்லாருக்கும் கடிதம் போகணுமே என்றார். சங்கத்தின் விதியை எழுதியபோது நானும் கையெழுத்து வைத்தவள். கிணறு கரிக்க எட்டு நாள் முன்னறிவித்தல் தரவில்லையே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எட்டு நாள் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அந்த எட்டு நாளும் தீவில் இறைப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்து போனது.

அடுத்த செவ்வாய் கூட்டம், நம் அலுவலகத்தில்தான், கறிவேப்பிலைப் பெட்டிகளுக்கு நடுவே. ஒன்பது பேர். அரை மணித்தியாலம் தேநீருக்குப் போனது. பிறகு தலைவர் பேசினார். அவர் ஊர் செம்மண் பூமி, அங்கே கிணறு வெட்டியவர். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், தன் தகப்பன் பெயரில் ஒரு குழாய்க்கிணறு அடித்துத் தருகிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தீவில் ஆழமாகத் தோண்டினால் கடல்தான் வரும் என்று நான் மூன்று தரம் விளக்கினேன். நாலாம் தரம் கடதாசியில் படம் கீறிக் காட்டினேன். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இது ஆர் கீறினது, வடிவாய்த்தான் இருக்கு என்றார்.

இன்னொருவர், படகில் தண்ணீர் ஏற்றி அனுப்புவோம் என்றார். மூன்றாமவர், மழைக்கு ஒரு யாகமோ திருப்பலியோ, இரண்டுமோ வைப்போம் என்றார். யாருடைய நாற்பது மரம் என்று ஒருவர் சரியாகக் கேட்டார். பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்று பொய் சொன்னேன். பட்டியல் என் கைப்பைக்குள் மடித்தபடி இருந்தது. கடைசியில் ஓர் உபகுழு அமைத்தார்கள். குடும்பங்களின் சம்மதத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு வருவது என்று தீர்மானம். செயலாளர் அதை அழகான கையெழுத்தில் எழுதினார். உபகுழு யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

புதனும் வியாழனும் தொலைபேசி. கூசேன்வில்லில் குடியிருந்து விமானநிலையத்தில் வேலைசெய்கிற ஒருவர், அப்பாவின் மரத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். செவ்ரான் அக்கா நேரடியாக வீட்டுக்கு வந்து, தன் தாயின் மரத்துக்குத் தான் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுவேன் என்றார். எங்கிருந்து, செவ்ரானில் இருந்தா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனார். இருபது பேரைப் பிடித்தேன். அதில் பத்தொன்பது பேருக்கும் தங்களுடையது போக மற்ற முப்பத்தொன்பது மரத்துக்கும் தண்ணீரை நிறுத்தச் சம்மதம்.

ஒருவன் மட்டும் வேறு விதமாகச் சொன்னான். இங்கே பிறந்த பொடியன், தாயும் தகப்பனும் போய்விட்டார்கள், இரண்டு மரம் அவனுடையது. நான் தமிழில் கால் மணித்தியாலம் விளக்கினேன். அவன் பிரெஞ்சில் ஒரே வசனம் சொன்னான், மதாம், அவை மரங்கள்தானே, ஆட்களுக்குத் தண்ணீரைக் கொடுங்கள் என்று. அந்த வாரம் முழுவதும் நான் கேட்ட ஒரே புத்தியான பேச்சு அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெற்றவர்களின் அருமை தெரியாமல் வளர்ந்துவிட்டாய் என்று அவனை ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். இன்றும் லாச்சப்பல் மெட்ரோ வாசலில் அவனைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

வெள்ளி காலை ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. தோட்டத்து வாசல் படலைக்கு வெளியே வாளியும் குடமுமாக ஏழு வீட்டுப் பெண்கள். ஒருவரும் சண்டைபிடிக்கிற மாதிரி நிற்கவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. உடனே எடுத்தேன். அவர்கள் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது, நேற்றுச் சின்னப்பிள்ளை ஒன்றுக்குப் பால்மா கரைத்தால் குடிக்கவில்லையாம் என்றார் பொறுப்பாளர். தோட்டத்துக் கிழக்குக் கிணறு ஒன்றுதான் இன்னும் நல்ல தண்ணீர். காலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன், கிழக்குக் கிணற்றை அவர்களுக்குத் திறந்துவிட்டேன், அளந்து கொடுக்கிறேன், மேற்குப் பக்கத்துக்கு இனித் தண்ணீர் இல்லை என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னைக் கேட்காமல் எப்படி என்று கத்தினேன். பிறகுதான் மனதில் இருந்தது வாயில் வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். முப்பத்தொன்பதையும் விடுங்கோ, பதினேழாம் இலக்கத்துக்கு மட்டும் நாளுக்கு இரண்டு வாளி ஊற்றுங்கோ, அது என்ரை மனுசன்ரை மரம் என்று கெஞ்சினேன். ஏழு பெண்கள் குடத்தோடு நிற்கிற படத்தைப் பார்த்துக்கொண்டே கெஞ்சினேன்.

அவர் மறுக்கவில்லை.

"ஊத்தலாம் அக்கா. ஆனா இந்தச் சனத்துக்கு முன்னாலை அந்த வாளியை என்னாலை தூக்கேலாது. ஆரைத் தூக்கச் சொல்லுறியள்?"

தீவில் வேலைசெய்கிற நால்வரும் அந்த ஏழு வீட்டைச் சேர்ந்தவர்கள். பாரிஸில் இருந்து நான் யாரைத் தூக்கச் சொல்வது? பிறகு, வேண்டாம், விடுங்கோ என்றேன். ‘ஓம் அக்கா’ என்று சொல்லி வைத்துவிட்டார். இத்தனை வருட வேலையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான். அதையும் அவர் எடுத்து முடித்த பிறகுதான் எடுத்தேன்.

அன்று பின்னேரம் கைப்பையில் இருந்த பட்டியலை மேசையில் விரித்து வைத்து, அதில் இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் திரும்ப எடுத்தேன். இந்த முறை சம்மதம் கேட்கவில்லை. நிறுத்தியாகிவிட்டது, பதினேழாவது என்ரை மனுசன், உங்கட அப்பா இத்தனையாவது என்று சொன்னேன். கத்தத் தொடங்கியவர்கள் என் மனுசனின் பெயரைக் கேட்டதும் தணிந்துபோனார்கள். சிலர் அழுதார்கள், நானும் அழுதேன். கூசேன்வில்காரர் மட்டும் பாதியில் வைத்துவிட்டு அடுத்த நாள் எடுத்து, அந்த ஏழு வீட்டுக்கும் என்ன செய்யலாம் என்று கேட்டார். அவரைப் பற்றி நான் மனதுக்குள் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். இதை முதல் திங்கட்கிழமையே செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடன் வாங்கிய அறிவு என்று நினைக்காமல் இதைக் கேளுங்கள். தண்ணீரைப் பற்றிய முடிவு கிணற்றடியில் நிற்கிறவருடையது. அதற்குப் பிறகு நாம் தாள் எழுதிக் கையெழுத்து வைத்தோம், பொறுப்பாளர் முடிவெடுத்த பின் நமக்கு அறிவித்தால் போதும் என்று. செயலாளரே அழகாக எழுதித் தந்தார். அந்தத் தாளை யாராவது மாற்ற வந்தால் கதவைச் சாத்துங்கள். கூட்டம் கூட்டத் தோன்றினால், எதற்காகத் தோன்றுகிறது என்று முதலில் உங்களையே கேளுங்கள். எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பதினேழாவது இலக்கம். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். மரத்துக்கு இலக்கம் போடுங்கள். செத்தவருக்குக் கல்வெட்டு அடியுங்கள், கதிரையில் கிடந்தாலும் பரவாயில்லை.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. நாற்பதில் பதினொன்று துளிர்த்தன. என் மனுசனின் மரம் அதில் இல்லை. பட்ட மரங்களின் இடத்தில் பொறுப்பாளர் மா வைக்கவில்லை. குறைந்த தண்ணீரில் நிற்கிற மாதுளையும் விளாத்தியும் வைத்தார், பலகை இல்லாமல். இப்போது நீங்கள் பெட்டி பெட்டியாக விற்கிற மாதுளை அந்த நிலத்தில் விளைந்ததுதான். வாங்குகிறவர்கள் இனிப்பு என்கிறார்கள்.

ஏழு வீட்டில் ஆறு கிணறு அந்த மாரியோடு தெளிந்தன. வேலியோடு ஒட்டிய வீட்டுக் கிணறு தெளியவில்லை. அடுத்த மாரியிலும் இல்லை. வெள்ளிக்கு முதல் நிறுத்தியிருந்தால் அந்தக் கிணறும் தப்பியிருக்குமா என்று பொறுப்பாளரிடம் ஒருமுறை கேட்டேன். தெரியாது அக்கா என்றார். அவர் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வார். ஆனால் அன்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

போன தை மாதம் தீவுக்குப் போனேன். வேலையை விட்டபின் முதல்முறை. பொறுப்பாளர் தோட்டம் முழுக்கக் காட்டினார். கிணறு தெளியாத அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. பாரிஸில் இருந்து வந்த தோட்டத்து அக்கா என்று அறிமுகப்படுத்தினார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். வாசலில் இரண்டு குடம் கவிழ்ந்து கிடந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். கொடுக்கும்போது கூச்சப்பட்டாள்.

"அயலிலை அள்ளின தண்ணி முடிஞ்சுபோச்சு அக்கா. எங்கட கிணத்துத் தண்ணியிலதான் போட்டனான். கரிக்காமல் இருக்கச் சீனி கூடப் போட்டிருக்கிறன். காணுமோ எண்டு பாருங்கோ."

ஒரு வாய் குடித்தேன். சீனிக்குக் கீழே உப்பு அப்படியே இருந்தது. காணும், போதும் என்றேன். அவள் நிம்மதியாகச் சிரித்தாள். மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.